தீக்காப்புக் கல்வி

ஐம்பெரும் பூதங்களுள் தீயைப் போல மனிதனுக்கு அணுக்கமான தோழனும் இல்லை. அதனைப் போலக் கொடிய பகைவனும் இல்லை. அடுப்பில் அடங்கிய தீ சோறு சமைக்கிறது; அகலில் அடங்கிய தீ இருளை ஓட்டுகிறது; உலையில் அடங்கிய தீ இரும்பை இளக்கி ஏருக்குக் கொழுவும் வீட்டுக்கு அரிவாளும் ஆக்கித் தருகிறது. அடங்கிய இடத்தை விட்டு ஒரு சாண் வெளியே வருமாயின், ஆண்டுக்கணக்கில் தேடிய பொருளை ஒரு நாழிகையில் அது நீறாக்கிவிடும். வருவதை முன்னரே அறிந்து காத்துக்கொள்ளாதவனுடைய வாழ்வுக்கு, நெருப்பின் முன் வைத்த வைக்கோற் போரைத் திருவள்ளுவர் உவமை கூறியது எத்துணைப் பொருத்தமானது! முன்னறிந்து காத்தல் வெறும் விருப்பத்தினால் கைகூடுவதன்று. அதற்குக் கல்வி வேண்டும்; கற்றதைக் கையிற் பழக்கும் பயிற்சியும் வேண்டும். தீயை எதிர்த்து நிற்போர் கற்கும் அக்கல்வி எத்தகையது என்பதனை இப்பாடம் கூறும்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் திருத்தங்கல் என்னும் ஊர் இருக்கிறது. இது பழம்பெருமை வாய்ந்த ஊராகும். குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் கொண்டுள்ள இத்தலம் நூற்றெட்டு வைணவத் திருப்பதிகளுள் ஒன்று. சங்கத் தொகை நூல்களிற் பாடல் புனைந்த தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் இவ்வூரினர் என்பர். மதுரை எரியுண்ட வரலாற்றைக் கூறும் சிலப்பதிகாரத்திலும் தங்கால் என்னும் இவ்வூர் இடம்பெற்றுள்ளது. ஊதுலையின் முன் அமர்ந்து பொன்னை உருக்கிய கைகளே பாட்டும் எழுதின என்றால், தீயோடு பழகும் தொழில் இவ்வூருக்குப் புதியதன்று என்பது விளங்கும். 2021-ஆம் ஆண்டில் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட திருத்தங்கல், இன்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற நிலப்பகுதியின் ஒரு கூறாக விளங்குகிறது.

இப்பகுதி மழை குறைந்தது, வெயில் மிகுந்தது. வேளாண்மைக்கு இடர் செய்த அவ்வறட்சியே மருந்தையும் காகிதத்தையும் உலர்த்துவதற்குத் துணையாயிற்று. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் இட்ட வித்திலிருந்தே தீப்பெட்டித் தொழிலும், அதன் பின்னர்ப் பட்டாசுத் தொழிலும் இங்கே கிளைத்துப் பரவின. நெடுந்தொலைவு சென்று முறையாகக் கற்றதனாலன்றோ இத்தொழில் வேரூன்றியது? தீயை ஆக்குந் தொழிலுக்கே இத்துணைக் கல்வி வேண்டியிருந்ததாயின், தீயை அடக்குந் தொழிலுக்கு எத்துணை வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டாசில் இடும் கலவையை இப்பகுதி மக்கள் மருந்து என்றே வழங்குவர். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள், அலுமினியத் தூள் முதலியவை அதிற் சேரும். நோய் தீர்க்கும் பொருளுக்குரிய பெயரை உயிர் போக்கும் ஆற்றலுடைய பொருளும் பெற்றிருக்கிறது. பெயர் ஒன்றாயினும் இயல்பு வேறு. அவ்வியல்பை அறிதல் தீயணைப்போர்க்கு இன்றியமையாதது.

எப்பொருளும் எரிவதற்கு மூன்று வேண்டும். எரிபொருள் ஒன்று, அதனைப் பற்றச் செய்யும் வெப்பம் ஒன்று, எரிதலைத் தாங்கும் ஆக்சிஜன் என்னும் உயிர்வளி ஒன்று. இம்மூன்றனுள் யாதேனும் ஒன்றை நீக்கினால் தீ அவியும். எரியும் எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடினால் உயிர்வளி தடைப்படுகிறது. எரியும் கூரையின்மேல் நீர் சொரிந்தால் வெப்பம் தணிகிறது. தீப்பற்றாத வைக்கோலை அப்புறப்படுத்தினால் எரிபொருள் அற்றுப்போகிறது. இது பொது விதி. பட்டாசு மருந்தோ இவ்விதிக்கு எளிதில் அடங்குவதில்லை. வெடியுப்பு தன்னுள்ளேயே உயிர்வளியைக் கொண்டது. ஆதலின் மருந்து எரியும்போது, அதனை எத்துணைக் கனமான போர்வையால் மூடினும் பயனில்லை. வெளிக்காற்றின் உதவியின்றியே அஃது எரிந்து தீரும். அலுமினியத் தூள் எரியும்போது அதன்மேல் நீரை ஊற்றினாலோ, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு தோன்றித் தீங்கு பெருகும். ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள் வெப்பமேறித் தானே தீப்பற்றுதலும் உண்டு. தீயை அவிக்கும் நீரே தீயை மூட்டும் இடமும் உண்டு என்பது கல்லாதார் கருத்தில் தோன்றுமோ?

இவ்வியல்புகளை எண்ணியே ஆலைகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. மருந்தைக் கையாளும் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே போதிய வெளி இருத்தல் வேண்டும். பொறி பறக்கும் இரும்புக் கருவிகளைப் பயன்படுத்தலாகாது. உடலில் தேங்கும் நிலைமின்னாற்றல் சிறு பொறியாய் வெளிப்பட்டு மருந்தைப் பற்றச் செய்யும். ஆதலால் அறைக்குட் புகுமுன் செப்புத் தகட்டைத் தொட்டு அதனை நிலத்திற் செலுத்திவிடல் வேண்டும். ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் இழந்த உயிரின் விலையாகப் பெற்ற பாடம் எனல் மிகையாகாது.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் உள்ள பட்டாசு ஆலை ஒன்றில் தீப்பற்றியது. வெடியோசை கேட்டு, அருகில் இருந்த ஊர்மக்கள் ஆலையை நோக்கி ஓடினர். உள்ளே அகப்பட்டோரைக் காப்பாற்ற வேண்டும் என்னும் இரக்கம் பலரை ஈர்த்தது. என்ன நேர்ந்தது என்று காணும் ஆவல் சிலரை ஈர்த்தது. தீ ஓர் அறையோடு நிற்கவில்லை. மருந்து இருந்த பிற இடங்களுக்கும் பரவி, முன்னதினும் பெருவெடிப்பு நிகழ்ந்தது. அன்று உயிர் நீத்தோர் ஏறத்தாழ 40 பேர். அவர்களுட் பலர் அவ்வாலையிற் பணிபுரிந்தவர் அல்லர். உதவும் பொருட்டும் காணும் பொருட்டும் ஓடி வந்தவர்களே ஆவர்.

அம்மக்களிடம் துணிவு இல்லையா? இருந்தது. அன்பு இல்லையா? அதுவும் இருந்தது. எரியும் மருந்தின் அருகே எவ்வளவு தொலைவில் நிற்க வேண்டும், முதல் வெடிப்புக்குப் பின்னர் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும், எத்திசையிலிருந்து அணுக வேண்டும் என்னும் அறிவு ஒன்றே அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று. அதனை அவர்களுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை. ஆதலால் அவர்களைக் குறை கூறுதல் முறையன்று. அவர்கள் விட்டுச் சென்ற பாடத்தைக் கற்றலே முறை. பயிற்சி பெற்ற அலுவலர் இத்தகைய இடத்திற்கு வந்தவுடன் எரியும் அறைக்குள் பாய்வதில்லை. முதலிற் கூட்டத்தைத் தொலைவில் நிறுத்துவார். எந்த அறையில் எத்தகைய மருந்து எவ்வளவு இருக்கிறது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டறிவார். எரிகின்ற அறையை விட்டு, இன்னும் பற்றாத அண்டை அறைகளுக்குத் தீ தாவாமற் காக்க முயல்வார். காண்போர்க்கு இது தயக்கம் போலத் தோன்றலாம். உண்மையில் இதுவே கல்வியின் பயனாய் விளைந்த வீரம்.

தீயணைத்தலைக் கற்பித்தற்குரிய ஒரு கலையாக முதலில் அமைத்தவர்களுட் சிறந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர். 1824-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டின் எடின்பரோ நகரம் தன் தீயணைப்புப் படைக்கு அவரைத் தலைவராக்கியது. அப்பொழுது அவருக்கு வயது 24. அவர் கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், குழாய் வேலை செய்வோர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்துப் படையிற் சேர்த்தார். கட்டடம் எவ்வாறு எழுகிறது என்று அறிந்தவனே அஃது எவ்வாறு வீழும் என்பதையும் அறிவான் அன்றோ? தீ இல்லாத நாட்களிலும் அவர்களை ஒழுங்காகப் பயிற்றினார். 1830-ஆம் ஆண்டில் தீயணைப்புப் பொறிகளைப் பற்றியும் வீரர்களைப் பயிற்றும் முறை பற்றியும் நூல் ஒன்று எழுதி வெளியிட்டார். பின்னர் லண்டன் மாநகரின் தீயணைப்புப் படைக்குத் தலைவராகி, 1861-ஆம் ஆண்டில் அந்நகரின் தூலி வீதியில் நேர்ந்த பெருந்தீயில், சுவர் இடிந்து வீழ்ந்ததனால் உயிர் துறந்தார். அவர் மறைந்தார், அவர் வகுத்த பயிற்சி முறை உலகெங்கும் பரவி நிலைத்தது.

நம் நாட்டிலும் தீயணைப்போர் செய்த ஈகத்திற்குச் சான்றாக ஒரு நாள் போற்றப்படுகிறது. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பலிற் புகை எழுந்தது. அக்கப்பலில் பஞ்சுப் பொதிகளும், ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் மூண்ட தீயை அவிக்கத் தீயணைப்பு வீரர்கள் நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, மாலை 4 மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. 66 தீயணைப்பு வீரர்கள் கடமையை ஆற்றிக்கொண்டே மாண்டனர். அந்நாளே ஆண்டுதோறும் தீயணைப்போர் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதனைத் தொடங்கும் நாளாகக் கொண்டு தீத்தொண்டு வாரமும் நடைபெறுகிறது. பஞ்சையும் வெடிபொருளையும் ஒரு கப்பலில் ஏற்றிய அறியாமைக்கு வீரர்கள் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

நாடு விடுதலை பெற்ற பின்னர், 1956-ஆம் ஆண்டில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி நிறுவப்பட்டது. முதலில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கிய அக்கல்லூரி, மறு ஆண்டிலேயே நாகபுரிக்கு மாறியது. மத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அக்கல்லூரியில் பல மாநிலங்களைச் சேர்ந்த அலுவலர்கள் தத்தம் பதவிக்கேற்ற பயிற்சிகளைப் பெறுகின்றனர். தீயணைப்புப் பொறியியலைப் பட்டப் படிப்பாகவும் அங்கே கற்கலாம். தமிழகத்தில் தீயணைப்புத் தொண்டு 1908-ஆம் ஆண்டிற் சென்னையிற் தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்று தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையாக விளங்குகிறது. சென்னையை அடுத்த தாம்பரத்தில் அத்துறையின் மாநிலப் பயிற்சி மையம் உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர்கள் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்விலும் உடற்றகுதித் தேர்விலும் வெற்றி பெற்றால் தீயணைப்போராகச் சேர்ந்து பயிற்சி பெறுவர்.

அப்பயிற்சி கல்வியும் தொழிலும் கலந்தது. எரியும் பொருளுக்கு ஏற்பத் தீயை வகைப்படுத்தி அறிதல் முதற்பாடம். மரம், துணி, காகிதம் முதலியவற்றில் மூளும் தீ ஒரு வகை. எண்ணெய், பெட்ரோல் முதலிய நீர்மங்களில் மூளும் தீ மற்றொரு வகை. வாயுக்களில் மூள்வது வேறொரு வகை. அலுமினியம், மக்னீசியம் முதலிய உலோகங்களில் மூள்வது பிறிதொரு வகை. மரத்தீக்கு நீர் உகந்தது. எண்ணெய்த்தீக்கு நுரை உகந்தது. உலோகத்தீக்கு உலர்ந்த மணலும் அதற்கென அமைந்த தூளுமே உகந்தவை. மருத்துவன் நோயை அறிந்து மருந்தளிப்பது போலத் தீயின் வகையறிந்து அதற்குரியதைப் பயன்படுத்தல் வேண்டும்.

அடுத்து வருவது கைப்பயிற்சி. சுருட்டிய குழாயை ஒரே வீச்சில் விரித்தல், குழாயோடு குழாயை இணைத்தல், ஏணியை நிறுத்தி ஏறுதல், மயங்கியவரைத் தோளிற் சுமந்து இறங்குதல், கயிற்றில் வெவ்வேறு முடிச்சிடுதல் ஆகியவற்றை அவர்கள் நாள்தோறும் பழகுகின்றனர். அழுத்தத்தோடு நீர் பாயும் குழாய் தன்னைப் பிடித்தவனைப் பின்னுக்குத் தள்ளும். அதனை ஒருவன் பிடிக்க மற்றொருவன் பின்னின்று தாங்குதல் வேண்டும். புகை நிறைந்த அறையில் நிமிர்ந்து நடப்பவன் சில அடி தொலைவிலேயே மயங்கி வீழ்வான். தரையை ஒட்டித் தவழ்ந்து செல்பவனுக்குச் சிறிது நல்ல காற்றுக் கிட்டும். சுவரை ஒரு கையாற் தொட்டுக்கொண்டே சென்றால் திரும்பும் வழி தவறாது. மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்த்தல் வேண்டும். அது சுடுமாயின், உள்ளே காற்றின்றிக் குமுறும் தீ கதவு திறந்த கணத்தில் பாய்ந்து வெளிவரக்கூடும். இவற்றை ஏட்டிற் படித்தால் ஒரு நாளில் மனத்திற் பதியும். உடம்பிற் பதிவதற்கோ பல நாட்கள் வேண்டும். இருளும் வெப்பமும் அலறலும் சூழ்ந்த வேளையில் மனம் மறந்தாலும் கை மறவாதிருத்தல் வேண்டும். பயிற்சியின் நோக்கம் அதுவே.

அலுவலராக உயர்வோர்க்கு இவற்றின் மேலும் பாடங்கள் உள. கட்டடங்களின் அமைப்பு, குழாயில் ஓடும் நீரின் அழுத்தம், வேதிப்பொருள்களின் இயல்பு, தீ மூண்ட காரணத்தை ஆராய்தல், சட்டம், முதலுதவி, படையை நடத்துதல் ஆகிய யாவும் அவர்கள் கற்க வேண்டியவை. தீ மூளாமற் காத்தலும் அவர்கள் கடமையே. 2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் சமையற்கட்டில் மூண்ட தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் மாண்டனர். அத்தீயை நீரால் அவிப்பதற்கு முன்னரே, கூரையை மாற்றியும் வழியை அகலப்படுத்தியும் அவித்திருக்கலாம். பள்ளியையும் ஆலையையும் நோக்கி, இங்கே இடர் உளது என்று முன்கூட்டியே கூறும் கண்ணைத் தருவதும் தீக்காப்புக் கல்வியாம்.

பயிற்சி முடிந்ததும் தேர்வு நடைபெறும். தேறியோர்க்குச் சான்றிதழ் வழங்கப்பெறும். சான்று என்னும் சொல்லுக்குச் சாட்சி என்பது பொருள். எதற்குச் சாட்சி? துணி வாங்குவோன் இழையைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறான். மருத்துவரிடம் செல்வோன் நாலு பேரைக் கேட்டுச் செல்கிறான். புகை சூழ்ந்த மாடியிற் குழந்தையோடு நிற்கும் தாய், ஏணியில் ஏறி வருபவனை, நீ இத்தொழிலைக் கற்றவனா என்று கேட்டறிய இயலுமோ? அவன் கையில் தன் குழந்தையை ஒப்படைப்பதன்றி அவளுக்கு வேறு வழியில்லை. அவள் கேட்கவியலாத கேள்வியை அவள் பொருட்டு முன்னரே கேட்டு, விடை பெற்று, நாட்டின் பெயரால் உறுதி கூறுவதே சான்றிதழ். ஆதலால் பயிலாது பெற்ற சான்றிதழ் பொய்ச்சாட்சிக்கு ஒப்பாகும். அப்பொய்யின் விலையை ஏமாற்றியவன் கொடான்; ஏணியின் மேற்படியில் நிற்கும் தாயே கொடுப்பாள்.

ஆலையில் போர்மேன் எனப்படும் மேற்பார்வையாளருக்கும் இது பொருந்தும். தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் கழியும் முதற் சில நிமிடங்களில் உயிர்கள் அவர் கையிலேயே இருக்கின்றன. அறையில் எத்தனை பேர், மருந்து எவ்வளவு, வெளியேறும் வழி திறந்துள்ளதா என்று நாள்தோறும் நோக்குபவர் அவரே. பாதுகாப்பு முறைகளை அவர் முறையாகக் கற்றுத் தம்கீழ்ப் பணிபுரிவோர்க்கும் கற்பிப்பாராயின், அணைக்க வேண்டிய தீக்களுட் பல தோன்றாமலே போகும். தீட்டாத வாள் துருப்பிடித்தல் போலப் பழகாத பயிற்சியும் மங்கும். ஆதலின் ஒருமுறை கற்றதே போதும் என்று அமைதல் ஆகாது.

இக்கல்வி ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. 2002-ஆம் ஆண்டில் நாகபுரிக் கல்லூரியிற் சேர்ந்த ஹர்ஷினி கான்ஹேகர், அங்குப் பயின்று பட்டம் பெற்ற முதற் பெண்மணி ஆவார். தமிழகத்தில் பிரியா இரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-ஆம் ஆண்டளவில் தீயணைப்பு அலுவலர்களாகப் பொறுப்பேற்றனர். 2012-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னைச் சேப்பாக்கத்துக் கலச மகாலில் தீப்பற்றியபோது, முன்னின்று பணிபுரிந்த பிரியா இரவிச்சந்திரன் கடும் தீக்காயமுற்றார். உடன் சென்ற வீரர் ஒருவர் உயிர் துறந்தார். பயிற்சி இடரைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. அதனை அறிந்தும் அவர்கள் உள்ளே சென்றனர். அறியாமற் செல்லும் துணிவினும் அறிந்து செல்லும் துணிவு பெரிது.

தீயணைக்கும் பணியில் எல்லாரும் சேர இயலாது. ஆயினும் அக்கல்வியின் அரிச்சுவடியை எல்லாரும் கற்கலாம். தீ எனக் கண்டவுடன் 101 என்னும் எண்ணுக்கோ 112 என்னும் எண்ணுக்கோ தொலைபேசியில் அழைத்து, ஊரையும் வீதியையும் எரியும் பொருளையும் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாது நின்று, தரையிற் படுத்துப் புரளுதல் வேண்டும். பட்டாசு ஆலையில் வெடியோசை கேட்டால் அதனை நோக்கி ஓடாது, அருகில் உள்ளோரையும் அழைத்துக்கொண்டு தொலைவிற் செல்லுதல் வேண்டும். திருத்தங்கலிலும் சிவகாசியிலும் பல இல்லங்களிலிருந்து தந்தையோ தாயோ தமக்கையோ காலையில் ஆலைக்குச் செல்கின்றனர். மாலையில் அவர்கள் நலமே வீடு திரும்புதல், அவர்கள் கற்ற கல்வியையும், அவர்களைக் காப்போர் கற்ற கல்வியையும் பொறுத்தது. உலகம் முழுவதும் ஒளி காணத் தீயோடு பழகும் அம்மக்களைக் காக்கும் கல்வியை மாணவர் போற்றிக் கற்பாராக.